வளையிலிருந்து விழுந்த பென்சில் தூள்

எங்கள் வீட்டுக்குள் முதன்முதலில் பென்சில் வந்தது எனக்காகத்தான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர்கள். அதனால் அந்தப் பென்சிலுக்கு வீட்டில் மாதா படத்துக்கு அடுத்த மரியாதை இருந்தது. விரலுக்குள் பிடிக்க முடியாத அளவுக்குத் தேயும்வரை இன்னொன்று கிடையாது. நான் சீவும்போது அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார். மீன் வெட்டுவதைவிட அது அவருக்குப் பெரிய வேலையாகத் தெரிந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. கடற்கரைக்குக் கிட்டிய எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, அதற்குப் பக்கத்தில் தம்பியின் ஏணை. நாலு மாதப் பிள்ளை. அம்மாவின் பழைய சேலையில் கட்டிய அந்த ஏணை கூரைக்குக் கீழே குறுக்கே போன வளை மரத்தில் தொங்கியது. ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டு மறு கையால் கணக்குச் செய்வேன்.

அந்த வளைதான் அப்பாவின் பெருமை. அவருடைய தகப்பனின் வள்ளம் உடைந்தபோது எடுத்துவைத்த மரம் அது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து வீடு கட்டியபோது, வேறு மரம் வேண்டாம் என்று அதையே ஏற்றினார். வீட்டுக்கு வருகிறவர்களை அண்ணாந்து பார்க்கவைத்து, “கடல் தண்ணி குடிச்ச மரம். ஒரு பூச்சியும் கிட்ட வராது” என்பார். கரையில் அதை மறுத்துப் பேச ஆளில்லை. வளையின் சுவர்ப் பக்க நுனிக்கு மேலே ஓர் ஓடு வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதில் இறங்கியது. உப்புத் தண்ணியையே தாங்கின மரத்துக்கு மழைத் தண்ணி என்ன செய்யும் என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

மாரி தொடங்கிய பிறகு மேசையில் தூள் விழத் தொடங்கியது. காலையில் கொப்பியைத் திறந்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு சிட்டிகை.

“திரும்பவும் சீவினியோ?” என்றார் அம்மா.

“நான் சீவேல்லை அம்மா.”

“அப்ப பென்சில் தானாச் சீவிக்கொண்டதோ?”

சாப்பிட வந்திருந்த மாமா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: “விடு அக்கா. படிக்கிற பிள்ளையள் பென்சிலையும் திண்டுதான் படிக்குங்கள் போல.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பென்சிலை வீணாக்குகிற பிள்ளை என்று பெயர் வந்தால் அடுத்த பென்சில் வராது. பென்சில் வராவிட்டால் படிப்பே நின்றுவிடும் என்பது என் கணக்கு.

ஏணைக் கயிற்றில் பெரிய கறுத்த கட்டெறும்புகள் ஏறி இறங்கியதை நாங்கள் பார்க்காமலில்லை. பிள்ளையின் பால் மணத்துக்கு வருகின்றன என்று அம்மா துணியால் தட்டிவிடுவார். ஒரு நாள் மழை விட்டதும் சிறகு முளைத்த எறும்புகள் அறை முழுக்கப் பறந்தன. மழைக்கு வருகிறவைதானே என்று கூட்டி வெளியே கொட்டினோம். அப்பா மட்டும் சுவரை ஒருதரம் பார்த்தார். “மண் கட்டேல்லை. கறையான் இல்லை” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் மானம்தான் முடியாமல் கிடந்தது. ஒரு பின்னேரம் பென்சிலை அம்மாவின் கையில் கொடுத்தேன்.

“அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ. நாளைக்கும் தூள் விழுந்தால் அது நானில்லை.”

அம்மா சிரித்துக்கொண்டே பூட்டினார்.

காலையில் மேசையில் தூள் கிடந்தது. தம்பியின் ஏணைத் துணியிலும் கிடந்தது. நான் வென்றுவிட்ட சந்தோசத்தில் துள்ளினேன். அம்மா துள்ளவில்லை. தூளைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து வாசலுக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் விரலால் பரப்பினார். மரத்தூளுக்குள் எறும்புக் கால்கள், உடைந்த ஒரு தலை, சிறகுத் துண்டு.

அம்மா கருவாடு காயப்போடுகிறவர். பாயில் கருவாட்டுக்குக் கீழே மாப்போல் விழுந்திருந்தால், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைப் பிளந்து பார்ப்பார். உள்ளே பூச்சி இருக்கும். எழுத்துத் தெரியாத அம்மா அந்தத் தூளை வாசித்துவிட்டார்.

ஓடிவந்து தம்பியை ஏணையிலிருந்து தூக்கி என் மடியில் போட்டார். முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டார்.

“இஞ்சருங்கோ, வளைக்குள்ள ஏதோ குடியிருக்குது.”

“விசர்க்கதை கதையாத. அது ஐயாவின்ர வள்ளத்து மரம்.”

“ஐயாவின்ர மரமாயிருக்கட்டும். தொங்கிறது என்ர பிள்ளை.”

அப்பா வலையை வைத்துவிட்டு உள்ளே வந்தார். அம்மா உலக்கையை எடுத்து வளையைத் தட்டிக்கொண்டு போனார். நடுவில் டங் டங்கென்று கேட்டது. சுவர்ப் பக்கம் போகப்போக வெறும் பெட்டியைத் தட்டுகிற சத்தம். அப்பா மேசையில் ஏறி மீன் கத்தியால் குத்தினார். பிடிவரைக்கும் இறங்கியது. இழுத்தபோது எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டின.

அன்றைக்கே அப்பாவும் மாமாவும் கூரைக்கு முட்டுக்கொடுத்து வளையை இறக்கினார்கள். முற்றத்தில் போட்டதும் இரண்டாக முறிந்தது. உள்ளே சின்னச் சின்ன அறைகள், சீவுளி போட்டதுபோல் வழுவழுப்பாக. அப்பா குந்தியிருந்து அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் தலையில் கை வைத்தார்.

“பிள்ளை பொய் சொல்லேல்லை” என்றார்.

அடுத்த நாள் எனக்கு ஒரு முழுப் புதுப் பென்சில் கிடைத்தது. வளையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன். தூளைப் பரப்பிப் பார்த்த அம்மாவின் உள்ளங்கையைப் பற்றி நான் யாருக்கும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்த இந்த வயதில்தான் அதற்கு நன்றி சொல்லத் தெரிகிறது.

இரண்டு நாளில் புது வளை ஏறியது. அப்பா எங்கள் வள்ளத்தின் அடியைப் பழுதுபார்க்கக் கொட்டிலில் வாங்கி வைத்திருந்த நல்ல மரம் அது. வெடித்த ஓட்டையும் மாற்றினார். தம்பியின் ஏணை பழைய இடத்திலேயே தொங்கியது. அப்பா மற்றவர்களின் வள்ளத்தில் கடலுக்குப் போய்வரத் தொடங்கினார். எங்கள் வள்ளம் அந்த வருஷம் முழுவதும் மணலில் ஏறிக் கிடந்தது.

“ஏன் அப்பா எங்கட வள்ளம் கடலுக்குப் போறேல்லை?” என்று கேட்டேன்.

“அதுக்குக் களைப்பு, மோள். கொஞ்சம் படுக்கட்டும்.”

நான் நம்பினேன். பள்ளிக்கூடத்துக்கு அதன் பக்கத்தால் போகும்போதெல்லாம், எழுப்பிவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தேன்.