நாய்க்குப் போட்ட கோலம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் படிப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன். அத்தையின் சாவு வீட்டில் உறவுக்காரர் ஒருவர், “நாய்க்கும் படத்துக்குமே வாழ்க்கைய வீணாக்கிட்டா, பாவம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அதனால் நானும் ஒப்புக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கட்டியவனை மலாக்காப் பக்கம் தெங்கேராவில் விட்டுவிட்டு, ஒரு தகரப்பெட்டியும் ஒரு பூனையுமாக எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தவள். காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவுவாள். மத்தியானம், கிடைத்த சுவரில் கரியாலும் செங்கல் தூளாலும் மாடு, உடும்பு, குரங்கு என்று வரைவாள். ஒருமுறை அந்தக் குரங்கு தோட்டத்துத் துரையின் தொப்பியைப் போட்டிருந்தது. அதற்கு அப்பாதான் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், காட்டுக்குள் ஒளிந்து அவனோடு சண்டை போட்டவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். அதைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக்கூடாது. வேலிக்கு மேல் எறிந்தாலும் குற்றம். பிடிபட்டால் சிறை, இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்றும் பேச்சு. துரை தன் பங்குக்கு, நாய்களை உள்ளே விடக்கூடாது என்றார். இரவில் குரைக்கின்றனவாம். அத்தை வளர்த்த செவலை, வேலிக்கு வெளியே குட்டி போட்டு, விலா எலும்பு தெரியக் கிடந்தது.

கேட் காவலில் இருந்த மலாய்க்கார இளைஞன் எங்களோடு பந்து விளையாடி வளர்ந்தவன். தமிழ் பேசுவான். அத்தை அவனிடம் போனாள்.

“தம்பி, இப்ப லயத்துக்கே இதுதான் வாசல். வாசல்னா கோலம் போடணும்லா.”

“போடுக்கா. சின்னதா போடு.”

முதல் நாள் கோலம் கேட்டுக்கு உள்ளேயே இருந்தது. பிறகு ஒரு வால் மட்டும் கம்பிக்கு அடியில் வெளியே நீண்டது. அப்புறம் ஒரு கால். கடைசியில் படுத்திருக்கும் ஒரு பெரிய நாயே வெளியே போய்விட்டது. அப்பாவிடம் ‘தின்னாச்சு’ என்று சொல்லிவிட்டு, தன் பங்கு அரிசியை இடித்து, கஞ்சியில் கெட்டியாகக் குழைத்து, கருவாட்டுத் தூளும் கலந்து போடுவாள். வெயில் ஏறுவதற்குள் செவலை வாலில் தொடங்கித் தின்று முடித்துவிடும்.

“உன் கோலத்துக்கு எறும்பு வராதுடி, பூனைதான் வரும்” என்று குழாயடியில் பெண்கள் கேலி செய்வார்கள்.

“வரட்டும், அதுக்கும் ஒரு கால் சேத்துப் போடுறேன்” என்பாள்.

ஒரு நாள் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கியபோது, செவலை படத்தைக் கழுத்துவரை தின்றிருந்தது. அவர் குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார். அரிசி. கூட வந்தவர்களின் துப்பாக்கிகள் அத்தைப் பக்கம் திரும்பின. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மொழிபெயர்க்க வந்த தோட்ட ஆபீஸ் கிராணி குரலைத் தாழ்த்தினார்.

“சாமிக்குப் போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. வெள்ளக்காரனுக்கு என்ன தெரியப்போவுது? விட்டுடுவான்.”

“சாமிக்கு இல்ல. நாய்க்கு.”

“என்னையும் சேத்து மாட்டிவிடாத தாயே.”

“நாய்க்குன்னு சொல்லுங்கய்யா. இங்கிலீசுல நாய்க்குப் பேரு இல்லியா?”

கிராணி சொன்னார். அத்தையை ஜீப்பில் ஏற்றி மலாக்காவுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு இரவு லாக்கப்பில் வைத்துவிட்டு, எச்சரித்து அனுப்பினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேரே வேலியோரம் போனாள். குட்டிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு, செவலை பின்னால் வர, கேட்டுக்கு வந்தாள்.

“தா போலே! கூடாதுக்கா” என்று காவல்காரன் கையை விரித்து மறித்தான்.

“சோறு வெளிய போகக்கூடாது, சரி. இது உள்ளதானே வருது? துரைக்குப் புடிக்கலன்னா அவரே வந்து தூக்கி வெளிய போடட்டும்.”

அவன் கையை இறக்கினான். துரை வரவில்லை. குட்டிகள் எங்கள் கட்டிலுக்கு அடியில் வளர்ந்தன, இரவெல்லாம் குரைத்தன.

அவள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் நான் கேட்டேன்: “அப்பாகிட்ட தெனம் பொய் சொல்ற. அவங்ககிட்ட ஒரு பொய் சொன்னா என்ன அத்தை?”

“சாமிக்குன்னு சொன்னா, நாளையிலேருந்து அரிசி வேணாம், சுண்ணாம்புல போடுன்னு சொல்வானுங்கடா. சாமி ஒண்ணும் சொல்லாது. நாய் என்ன பண்ணும்?”

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அத்தனை துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றபோது, அவள் நினைத்துக்கொண்டிருந்தது செவலையின் மறுநாள் பசியைத்தான் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

அத்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, எழுதியது.