பாறைக்கு ஒருவர்

ஊர்ச்செய்தி எழுதுகிறவனின் பிழைப்பு, நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஓரத்து நாற்காலியில் உட்காருவது. ஊரடங்கில் யாரும் கூடக்கூடாது என்றானதும் செஞ்சி நிருபரான எனக்கு அந்த நாற்காலியும் போயிற்று. நீங்களும் அப்போது ஏதோ ஒரு மொட்டைமாடியில் சிக்னல் தேடிப் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பாறைகள் பேசிய காலை

மேல்மலையனூர் அமாவாசைக்குக்கூட பஸ் ஓடாத மாதங்கள் அவை. கோட்டை பூட்டிக் கிடந்தது. ஒருநாள் காலையில் மலைக்குப் பின்னாலுள்ள சிற்றூர் வழியாக வண்டியில் போனேன். மலையின் மேல்பாதியைப் பனி மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பாறை, "உள்ளேன் மிஸ்" என்றது. சற்றுத் தள்ளி இன்னொரு பாறையும் அதையே சொன்னது. வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

பனி விலக விலக, பாறைக்கு ஒரு பிள்ளை தெரிந்தது. கையில் போன், போனில் ஆன்லைன் வகுப்பு. மலை மறைப்பதால் ஊருக்குள் டவர் எடுக்காது. ஒருத்தி மட்டும் எழுந்தாள்: பவித்ரா, பிளஸ் டூ. நான் நிருபர் என்றதும், கூட்டம் கூடியதாக எழுதிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்.

"பாறைக்கு ஒரு ஆளுதான் சார். எங்கள மாரி இடைவெளி வுட்டு செஞ்சியிலயே யாரும் உக்காரல."

ஆட்டுக்கு மட்டும் அனுமதி

அடுத்து ஒரு உத்தரவு வந்தது. மலையில் யாரும் ஏறக்கூடாது; ஆடு மேய்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. பவித்ராவுக்குப் பாடம் பாதியில் நின்றது. நர்சிங் சேர மார்க் வேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டொரு நாளில் பாறைக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு ஒரு ஆடு என்று மலை நிறைந்தது. ஆடுகள் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு, நல்ல மாணவர்களைப் போலவே பாடம் கேட்டன. காவலர் ஒருவர் மூச்சுவாங்க ஏறிவந்தார். பவித்ரா கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். அவர் பார்த்தது அவள் காதை. எல்லோரையும் கீழே இறக்கிக்கொண்டே கேட்டார்:

"ஆடு மேய்க்க ஹெட்போன் இன்னாத்துக்குமா?"

வாழ்த்துப் பாட வந்தவள்

பிறகு ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும், இணையவழிப் படிப்பு பற்றி கல்யாண மண்டபம் ஒன்றில் ஆலோசனைக் கூட்டம். எனக்கும் நாற்காலி திரும்பக் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்பைப் பேசும் கூட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. வாழ்த்துப் பாட மட்டும் ஒருத்தி வந்திருந்தாள்: பவித்ரா. எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் பிள்ளைகள் பாடுவார்கள், பிஸ்கட் வாங்கிக்கொள்வார்கள், போய்விடுவார்கள்.

அவள் பாடிய இனிமையில் மண்டபமே பாதித் தூக்கத்தில் மிதப்பதுபோல் இருந்தது. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தோம். அவள் மைக்கை விடவில்லை.

"சிக்னல் இல்லாதவங்க வாட்ஸ்அப்ல சொல்லணும்னு மெசேஜ் போட்டுக்கிறீங்க சார். அதப் படிக்கவே நாங்க மலை ஏறணும். காலையிலயாவது ஏற வுடுங்க."

"உன்ன யாரும்மா பேசச் சொன்னது?" என்றார் முன்வரிசைக்காரர்.

"யாரும் சொல்லல சார். அதான் நானே பேசுறேன்."

மேடையிலிருந்த அதிகாரி முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

"சரி, மத்தியானம் வரைக்கும் ஏறிக்குங்க. ஆட்ட மட்டும் வீட்லயே வுட்டுடுங்க."

அச்சில் வந்தது

அவள் பேசியதை முழுதாக எழுதி அனுப்பினேன். பேப்பரில் இடமில்லை என்றார்கள். "மாணவி வாழ்த்துப் பாடினார். மாணவர் நலன் கருதி அதிகாரிகள் முடிவெடுத்தனர்" என்று வந்தது.

பேப்பரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அதே பனி. பாறைகள் ஒவ்வொன்றாக "உள்ளேன்" சொல்லிக்கொண்டிருந்தன. பவித்ரா படித்துவிட்டுப் பேப்பரை மடித்து, பாறையின் ஈரத்துக்கு மேல் போட்டு உட்கார்ந்தாள்.

"பாட்டு மட்டுந்தான் வந்துருக்குது. போனா போவுது சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க."

பிள்ளைகளுக்காக முடிவெடுக்கும் அறைக்குள் ஒரு பிள்ளை நுழைய, எங்கள் ஊரில் அதற்கு நன்றாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.