ஊட்ல இருக்குதா?

என் சமையலறை ஜன்னலில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி கிடக்கிறது. ஒயர் நுழைய இரண்டு ஓட்டைகள். ஓர் ஓட்டையைச் சுற்றிக் குங்குமக் கறை. அதைத் தூக்கிப் போடச் சொல்லி என் வீட்டுக்காரர் நச்சரிக்காத நாளில்லை. போடமாட்டேன். அது மேடத்தின் பேட்டரி மூடி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. துத்தநாகம், அயோடின், உப்புத் தண்ணீர் வைத்துத் தீப்பிடிக்காத பேட்டரி செய்து பார்த்தோம். மேடம் கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்தவர். நான் எளாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்து செல் கோக்கிறவள். சார்ஜ் ஏற்றினால் அயோடின் ஒரு பக்கம் இருக்கும் கரித்துணியிலேயே, அதன் வீட்டிலேயே, தங்க வேண்டும். தங்காது. தண்ணீரில் கரைந்து துத்தநாகத்தின் பக்கம் போய்விடும். விடிந்து பார்த்தால் தண்ணீர் பழுப்பாய் நிற்கும், சார்ஜும் இறங்கியிருக்கும். "இன்னா மேடம், ஊட்ல இருக்குதா, ஓடிடுச்சா?" என்று தினமும் சீண்டுவேன். "ஓடிடுச்சும்மா" என்று சிரிப்பார். தடுப்புத் துணியை மாற்றினார், கரியை மாற்றினார், அரிசிக் கஞ்சி பூசியும் பார்த்தார். பாழாய்ப்போன அயோடின் எதற்கும் மசியவில்லை. போகப்போக அவர் சிரிப்பது நின்றது. நானும் கேட்பதை விட்டேன்.

கடைசியில் முதலாளி கெடு வைத்தார். வெள்ளிக்கிழமை காலையிலும் தண்ணீர் பழுப்பாய் இருந்தால் கொட்டகையை மூடிவிடுவாராம். எங்கள் பக்கம் லாரியானாலும் மிஷினானாலும் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைப்போம். நான் வைத்தபோதெல்லாம் எடுத்து எறிந்த மேடம், வியாழன் சாயங்காலம் அவராகவே, "பழம் இருக்கா?" என்று கேட்டார். குங்குமம் தடவி, அரைப் பழத்தை மூடிமேல் கவிழ்த்தார். இவ்வளவு படித்தவர் இந்த நிலைக்கு வந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

காலையில் தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருந்தது. "மேடம், ஊட்லயே இருக்குது!" என்று கத்தினேன். முதலாளி குனிந்து பார்த்து, "பரவால்லியே, நடத்துங்க" என்றார். மேடம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழம் வற்றிப்போயிருந்தது, சாறெல்லாம் ஓட்டை வழியே உள்ளே இறங்கியிருந்தது. மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை; சார்ஜ் இறங்கியிருந்தது. முதலாளிக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது. மேடம் வாயைத் திறக்கக்கூடாதே கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் இருவர் பிழைப்பும் அந்த வாயில்தான் இருந்தது.

"இது நிக்கல சார். எலுமிச்சஞ்சாறு பட்டா அயோடின் நிறம் போயிடும். ஓடினது கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். பழத்தை வெச்சது நான்."

அன்றைக்கே பூட்டு விழுந்தது. மூடியை என் பையில் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். இப்போது நான் அதே பேட்டையில் பிஸ்கட் பொட்டலம் கட்டுகிறேன். மேடம் எங்கே போனாரோ, அந்த அயோடினை எங்கேயாவது நிறுத்தினாரோ, தெரியவில்லை; அவருடைய பழைய நம்பர் அடிப்பதேயில்லை. அடுப்பைப் பற்றவைக்குமுன் ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னா மேடம், ஊட்ல இருக்குதா?" என்று என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன். ஓடிடுச்சும்மா என்று சொல்லக்கூட ஆளில்லை.