ரயில் வந்தால் திறக்கும் வாய்

வாகினெம் ஜெயித்தவை இவை. எட்டு வயதில் வந்த டைபாய்டு: பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணி வாங்கி வைத்த பிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். சுதந்திர தின விளையாட்டில் பரிசாக ஒரு வாத்து: வாயில் கவ்விய கரண்டியில் கோலிக்குண்டை வைத்து நடந்த பந்தயம், அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. இன்னொன்று அவள் புருஷன் சுகிர்: அவனுடைய அம்மா அவனுக்கு வேறொரு பெண்ணைப் பேசி முடித்திருந்தாள். இவை மூன்றும் ஊருக்கே தெரியும். நாலாவதாக அவள் ஜெயித்தது தன் மகன் பிரப்தோவின் வாயை. அதுதான் பெரிய பந்தயம்.

வாகினெம் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. எங்கள் ஜாவாவில் மாறி மாறி வரும் ஐந்து சந்தை நாட்களில் வாகே அன்று பிறந்ததால் அந்தப் பெயர், கூப்பிடுவது நெம். பள்ளிக்கூடம் போகவில்லை, வாத்து மேய்த்தாள். சுகிர் ஜகார்த்தாவுக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது அடுப்படி மூங்கில் தட்டியில் கரியால் அவள் பெயரை எழுதினான்.

"நான் காகிதம் போட்டா, உன் பேரு எதுன்னாவது தெரியணும்ல?" என்றான்.

பிரப்தோவுக்கு இரண்டு வயது ஆக இன்னும் இரண்டு மூன்று மாதம். சாப்பிட மாட்டான். கரண்டியைக் கண்டால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மாதாமாதம் ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் குழந்தைகளை எடை போடுவார்கள். அவனுடைய அட்டையில் எடைக்கோடு தரையைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. மலையூரிலிருந்து வந்த மாமியார் கார்சியெம் அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. ஆனால் கோடு இறங்குவது தெரிந்தது.

"ஆறு புள்ளைய வளத்தவ நான். அடுத்த எடையிலயும் இப்படியே இருந்தா இவன நான் தூக்கிட்டுப் போயிருவேன். கொழுகொழுன்னு ஆனப்புறம் கொண்டாந்து விடுறேன்."

"எப்ப அத்தே?"

"ஆனப்புறம்."

நெம் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் மகனைத் தோள்துணியில் கட்டிக்கொண்டு, கையில் சோற்றுக் கிண்ணத்தோடு தெருத்தெருவாக நடந்தாள். கோழியைக் காட்டினாள், ஆட்டைக் காட்டினாள். வாய் திறக்கவில்லை. ரயில்வே கேட் வரை வந்துவிட்டாள். கேட் இறங்கியது, மணி அடித்தது, மேற்கேயிருந்து எக்ஸ்பிரஸ் தடதடவென்று வந்தது. பிரப்தோவின் கண் விரிந்தது. வாயும் விரிந்தது. நெம் யோசிக்கவே இல்லை, கரண்டியை உள்ளே விட்டாள். கடைசிப் பெட்டி போவதற்குள் நாலு வாய்! விழுங்கியதே அவனுக்குத் தெரியாது.

அப்புறம் தினமும் அதே இடம். கேட் பக்கத்துப் புல்மேட்டில் சாயங்காலமானால் பாதி ஊர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும். அவித்த சோளம் விற்கும் பொனிரன் பானையை இறக்கி வைப்பான். ரயில் வரும்வரை நெம் கரண்டிக் காம்பால் மண்ணில் கீறிக்கொண்டே இருப்பாள்.

"என்ன பிரப்தோம்மா, புதையலா தோண்டுற?" என்பான் பொனிரன்.

"உன் கடைக்குக் குழி வெட்டுறேன்" என்பாள்.

சரக்கு வண்டிதான் அவளுக்கு உயிர். எண்ணெய் டாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். பயணிகள் வண்டி என்றால் கை பறக்க வேண்டும்.

எடை போடுவதற்கு முந்தின நாள் மாமியார் வந்து இறங்கினாள். கையில் காலிப் பை இருந்தது, பிள்ளையின் துணிமணிக்கு. புல்மேட்டுக்கும் கூடவே வந்தாள்.

"சோறூட்ட ரயில் வேணுமாம். சுல்தான் பேரன்தான்!"

நெம் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். தண்டவாளத்தையே பார்த்தாள். வெயில் சாய்ந்தது. கேட் இறங்கவில்லை. கேட்காரர் தார்மின் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு வண்டி இல்லம்மா. அங்கிட்டு ஒரு சரக்குப் பெட்டி தடம் புரண்டிருச்சாம். எல்லாம் நிக்குது."

"ஒண்ணுகூடவா வராது அண்ணே?"

"வந்தா நான் சொல்ல மாட்டேனா?"

பிரப்தோ தண்டவாளத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், உதட்டை ஒட்டிக்கொண்டான். மாமியார் பையை மடியில் விரித்து நீவினாள். நெம் கரண்டியை மகன் உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

"இரு, நான் வண்டி விடுறேன்" என்று பொனிரன் எழுந்தான். பானை மூடியை எடுத்துத் தட்டினான். அவன் சட்டையை ஒரு பையன் பிடித்தான், அவன் பின்னால் இன்னொருத்தி, பிறகு அரிசி மில்லில் மூட்டை தூக்கும் ஒரு தடியன், மகளைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு. "தடக்கு தடக்கு தடக்கு!" என்று மேட்டையே சுற்றி வந்தார்கள். தார்மின் பச்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "வழி விடு, வழி விடு! எக்ஸ்பிரஸ்!"

பிரப்தோ பார்த்தான். கண் விரிந்தது. வாய்?

"திறக்க மாட்டேங்கிறானே!"

"ஊதல் இல்லையே, அதான்" என்றார் தார்மின். "ஊதாத வண்டிய எவன் நம்புவான்?"

பொனிரன் ஊதினான், ஆடு செருமியதுபோல் இருந்தது. மில்காரன் ஊதினான், இருமல் வந்துவிட்டது. நெம் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவில் நிற்கும் எருமையைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"அத்தே, உங்க குரல்தான் வேணும். ஊதுங்க அத்தே!"

"எனக்கென்ன பைத்தியமா?"

"உங்க பேரன் அத்தே!"

கார்சியெம் எழுந்தாள். பையை இடுப்பில் செருகினாள். தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"போ...ஓ...ஓ...ம்!"

தூரத்து வயலில் கொக்குகள் எழுந்து பறந்தன. பிரப்தோவின் வாய் அப்படியே திறந்தது. கரண்டி உள்ளே போனது.

"இன்னொரு தடவ அத்தே! நிறுத்தாதீங்க!"

கிண்ணம் காலியாகும் வரை கார்சியெம் ஊதினாள். கடைசி ஊதலுக்கு அவளுக்கே சிரிப்பு வந்து, ஊதல் பாதியில் உடைந்தது. பிள்ளை இரண்டு கையையும் தட்டியது.

மறுநாள் முற்றத்தில் தராசுக் கோலில் துணிக் கால்சட்டையை மாட்டிப் பிரப்தோவை உள்ளே இறக்கினார்கள்.

"மூத்திரம் போயிராதடா என் ராசா, குறைஞ்சிரும்" என்று மாமியார் கெஞ்சினாள். வரிசையே சிரித்தது. நெம்முக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எடை போடும் யாத்மி கோலில் தொங்கிய எடைக்குண்டை நகர்த்தினாள். கோல் பிள்ளைப் பக்கமே சாய்ந்தது. இன்னும் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். கோல் நேரானது. யாத்மி அட்டையில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு சேர்த்தாள்.

கோடு ஏறியது.

"அத்தே, ஏறுது பாருங்க! ஏறுது!"

"எனக்கும் கண்ணு இருக்குடி" என்றாள் மாமியார். கையிலிருந்த பையை உதறினாள். "இதுல புள்ளைக்குப் பொரிச்சுக் குடுக்க அரை கிலோ தெம்பே வாங்கிட்டு வா. சாயங்காலம் வண்டி ஓடலேன்னா நான்தானே ஊதணும், இங்கயே இருக்கேன்."

யாத்மி வழக்கம்போல் மைப்பெட்டியைத் தள்ளினாள், கைநாட்டுக்கு. நெம் அதைத் திருப்பித் தள்ளினாள்.

"பேனா குடுங்கக்கா."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குனிந்தாள். புல்மேட்டு மண்ணில் கரண்டிக் காம்பு போன வழியிலேயே பேனா போனது. மில்காரன் எட்டிப் பார்த்தான், பொனிரன் மூச்சைப் பிடித்தான். வா-கி-னெம். ஓர் எழுத்தும் விடவில்லை.

அன்றைக்கு 1988 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை, அவள் பிறந்த அதே வாகே.