கணக்கு டீச்சர் திருப்பி எழுதிய வாரம்

என் அக்காவைத் தெருவே கணக்கு டீச்சர் என்றுதான் கூப்பிடும். இருபத்தாறு வருஷம் சாக்பீஸ் பிடித்த கை. பிள்ளைகளிடம், "சந்தேகம்னா கேளுங்க, கேட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க" என்று தொண்டை வற்றச் சொல்வாள். அவள் மட்டும் யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். ஊருக்குத்தான் உபதேசம்!

அதனால் பள்ளிக்குப் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் முதல் வாரம் கூத்துதான். புரொஜெக்டர் வந்தபோது முக்கோணத்தையெல்லாம் சுவரில் தலைகீழாக நிறுத்தினாள். ஸ்மார்ட் போர்டு வந்த அன்றைக்கே அதன்மேல் சாக்பீஸால் எழுதிவிட்டு, ஈரத்துணியை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். ஆனால் ஒன்று, எட்டாம் நாள் அந்தச் சாமான் அவள் பேச்சைக் கேட்கும்.

பிறகு வகுப்பெல்லாம் வீட்டிலிருந்தே ஆன்லைன் என்று ஆனது. கூடவே பள்ளியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்பில் சேர்ந்து பார்ப்பாராம். ஆன்லைனில் பாடம் நடத்தத் தெரியாதவர்களுக்கு அன்றோடு வேலை இல்லையாம்.

"எனக்கு வேற என்னடி தெரியும்?" என்றாள் அக்கா. சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு.

நான் துணி தைக்கிற அறையில்தான் வகுப்பு. சுவரில் வெள்ளை போர்டு, எதிரே என் தையல் மேஜைமேல் லேப்டாப். திங்கட்கிழமை அவள் போர்டில் எழுத எழுத, லேப்டாப்பில் எல்லா எண்ணும் வலம் இடமாகத் திரும்பித் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்தாள். யாரிடமாவது வாயைத் திறந்து கேட்டாளா? அதுதான் கிடையாதே! பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எண்களைத் திருப்பிப் போட்டு எழுதிப் பழகினாள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் போர்டில் அப்படியே எழுதினாள். போர்டைப் பார்த்தால் தலை சுற்றியது. லேப்டாப்பில் பார்த்தால் கச்சிதமாக இருந்தது.

"என்னக்கா இது கூத்து?"

"நீ உன் தையலைப் பாரு. பிள்ளைங்களுக்கு நேரா தெரிய வேணாமா?"

வெள்ளிக்கிழமை லேப்டாப்பில் ஒரு கட்டத்துக்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் வந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா மடமடவென்று ஒரு கணக்கை எழுதினாள்.

"ஒரு நிமிஷம் டீச்சர். ஏன் எல்லாத்தையும் திருப்பி எழுதறீங்க?"

"உங்களுக்கு நேரா தெரியுதுல்ல மேடம்?"

"இல்லையே! உங்க ஸ்கிரீன்ல மட்டும்தான் கண்ணாடி மாதிரி திரும்பித் தெரியும். நீங்க எப்பவும் போல எழுதினாலே எங்களுக்குச் சரியா தெரியுமே."

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி? ஏன் பிள்ளைங்களா, யாரும் சொல்லலையா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஒரு பெண் மெதுவாகப் பேசினாள். "நாங்க தூங்காம கவனிக்கணும்னுதான் டீச்சர் இப்படி எழுதறாங்கன்னு நினைச்சோம் மேடம். கண்ணாடியில பார்த்துப் படிச்சுக்கிட்டோம்."

சொல்லிவிட்டு ஒரு கைக்கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். அடுத்த கட்டத்தில் ஒருத்தன் அப்பாவின் ஷேவிங் கண்ணாடியைக் காட்டினான். இன்னொருத்தன் பீரோவுக்கு முன்னாலேயே குடியிருந்தான். கட்டத்துக்குக் கட்டம் கண்ணாடி!

"அப்ப இந்தக் கணக்குக்கு விடை?" என்று கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"பன்னிரண்டு!" நாற்பத்தொரு பேரும் கத்தியதில் என் லேப்டாப் கரகரத்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்தே விட்டார். "மத்த வகுப்புல பாதிப் பேர் கேமராவை அணைச்சிட்டுத் தூங்கறாங்க. இங்க ஒருத்தர்கூட எழுந்து போகல. சரி டீச்சர், திங்கட்கிழமையிலேருந்து நேரா எழுதுங்க."

அக்காவின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் ஏறியது.

"திங்கட்கிழமை இருக்குடி எனக்கு!" என்று என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!