யாரையும் கேட்காமல் எடுத்த கழுகு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். வெண்ணந்தூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலையில் இருந்தேன். பெங்களூர்க் கடை ஒன்று பருத்திப் போர்வைக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. கனடாப் பக்கத்து ஓவியங்களில் வரும் கழுகு மாதிரி ஏதாவது, கறுப்பு சிவப்பில் வேண்டும் என்றார்கள்.

நெட்டில் தேடியதில் ஒரு கழுகு கிடைத்தது. பெரிய கண்கள், இறக்கைக்குள் இன்னொரு முகம். அழகாக இருந்ததால் அப்படியே எடுத்துக்கொண்டேன். முதல் முப்பது போர்வை தறியிலிருந்து இறங்கியதும், முதலாளி அண்ணன் பெருமையாகப் படம் பிடித்து எங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டார்.

நாலாம் நாள் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர், கனடாவின் மேற்குக் கடலில் உள்ள ஹைடா குவாய் தீவுகளில் வாழும் ஒரு பெண்மணி. ஹைடா என்பது அந்தத் தீவுகளின் ஆதி மக்களுடைய பெயர். ‘நீங்கள் நெய்திருப்பது என் அம்மா வழிக் குடும்பத்தின் சின்னம். யாரிடம் கேட்டீர்கள்?’ அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை.

நான் அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். தறி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பத் திறந்து படித்தேன். மூன்றாம் நாள் காலை, வேலை போனாலும் போகட்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. “ஏம்மிணி, இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?” என்றார். எழுந்துபோய்த் தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, “அந்தம்மாகிட்டப் பேசோணும், போனப் போடு” என்றார்.

மறுநாள் காலை வீடியோவில் பேசினோம். அவர் நிதானமாகச் சொன்னார். ஹைடா மக்களில் கழுகு, அண்டங்காக்கை என்று இரண்டு பிரிவுகள். அவற்றுக்குள் பல குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சின்னங்கள். வீட்டின் முன் நாட்டும் உயரமான மரக்கம்பத்தில் செதுக்குவது அவற்றைத்தான். முன்பு பெரியம்மை வந்து ஊர் ஊராக மடிந்தார்கள். கம்பங்களை வெளியூர் மியூசியங்கள் கொண்டுபோயின. கம்பம் நாட்டும்போது ஊரைக் கூட்டி வைக்கும் விருந்துக்கே அரசாங்கம் தடை போட்டிருந்தது. அத்தனைக்கும் பிறகு மிஞ்சியவற்றில் ஒன்றைத்தான் நான் எடுத்திருந்தேன்.

நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், “ஒரே பிரிவுக்குள்ள பொண்ணு குடுப்பாங்களா, கேளு” என்றார்.

இல்லையாம். கழுகுப் பிரிவுக்காரர் காக்கைப் பிரிவில்தான் கட்டிக்கொள்வாராம்.

“அட, நம்ம கூட்டமாட்டவே இருக்குது!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் அண்ணன். எங்கள் பக்கமும் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், கல்யாணம் கிடையாது. குழந்தை அம்மாவின் பிரிவைச் சேரும் என்றதும், “அது மட்டும் நமக்கு நேர்மாறுங்க” என்று அந்தம்மாவிடமே தமிழில் சொன்னார். நான் சொல்லும் முன்பே அந்தம்மா சிரித்துவிட்டார்.

“நெய்ததை என்ன பண்றதுங்க? எரிச்சுப் போடட்டுமா?” என்று கேட்டார் அண்ணன்.

குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் அந்தம்மா. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த கோடையில் அவர்கள் புதுக் கம்பம் நாட்டுகிறார்கள். விருந்துக்கு வருபவர்களுக்குப் பரிசு கொடுப்பது அவர்கள் வழக்கம். வாங்கிக்கொள்பவர்கள் அன்று நடந்ததற்குச் சாட்சி. ‘போர்வைகளை எங்களுக்கு அனுப்புங்கள். அவற்றைக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு.’

நெய்தது அத்தனையையும் நானே மடித்துப் பெட்டியில் அடுக்கினேன். பெங்களூர்க் கடைக்கு நானே யோசித்து ஒரு கட்டம் போட்ட டிசைன் செய்து கொடுத்தேன், சுமாராகத்தான் வந்தது. அங்கே கோடையான ஆடி மாதம் அந்தம்மா ஒரு படம் அனுப்பினார். மழைத்தூறல், பின்னால் கடல், தோளில் எங்கள் தறித் துணியோடு சிரிக்கும் மனிதர்கள்.

அழகான எதுவும் ஆளில்லாமல் கிடப்பதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. இன்றும் ஒரு படத்தைத் தொடும் முன், கேட்பதற்குரிய ஆளைத் தேடுகிறேன், கிடைக்காவிட்டால் விட்டுவிடுகிறேன்.