தட்டிக்குப் பின்னால் பாடிய அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது கடையத்தில். அப்பா வில்லுப்பாட்டுக்காரர். தாயில்லாத எங்கள் இருவரையும் ஊர்க்கோயில் கொடைவிழாக்களுக்குக் கூடவே அழைத்துப் போவார். பத்து வயதில் அக்கா பின்பாட்டுப் பாடினார். பதினாறில் அப்பாவே வில்லைத் தட்டும் வீசுகோலை அவரிடம் கொடுத்துவிட்டார். அக்கா பாடினால் எந்தச் சாமியாடிக்கும் அருள் வந்துவிடும் என்று தென்காசி வட்டாரத்தில் பேர்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் குற்றாலத்துக்குப் பக்கத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தாலி ஏறியதும், மருமகள் மேடையில் உட்கார்ந்தால் குடும்பத்துக்கு அசிங்கம் என்றார் அக்காவின் மாமனார். அந்த ஊர்ச் சாமியாடியும் அவர்தான். அத்தான் தகப்பனார் முன்னால் வாய் திறக்காதவர்.

அவ்வருடக் கொடைக்குச் சிவகிரியிலிருந்து பாட்டுக்காரர் ஒருவர் வந்தார். தொண்டை கிழியப் பாடியும் மாமனாருக்கு அருள் வரவில்லை. சாமி ஆடாமல் கொடை முடியாது. பெரியவர்கள் கூடிப் பேசி, மேடைக்குப் பின்னால் ஓலைத்தட்டி வைத்து மறைத்து, அக்காவை அங்கே உட்காரவைத்தார்கள். அக்கா பாட, சிவகிரிக்காரர் கோலை வீசி வாயசைத்தார். பெண்குரல் யாருடையது என்று ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் ஆடினார். மாலையும் பரிவட்டமும் வாயசைத்தவருக்குப் போயின. அக்காவுக்குத் தட்டியின் அடியில் ஓர் இலையில் திருநீற்றைத் தள்ளிவிட்டார்கள்.

இப்படிப் பதினொரு கொடைகள். இனிமேல் போகாதே என்று ஒருமுறை சண்டை போட்டேன்.

"பாடாம இருக்க முடியாதுட்டி. ஒரே ஒரு தடவ ஆளுக முன்னால உக்காந்து பாடணும். மாமாட்ட கேட்டிருக்கேன்" என்றார்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்பதுதான் மாமனாரின் பதில், எல்லா வருடமும். நெஞ்சுநோயோடு தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளிலும் அக்கா என்னிடம், "மாமா என்ன சொன்னாவ?" என்றுதான் கேட்டார்.

அந்த மாமனார் போன வாரம் ஆள் அனுப்பியிருந்தார். மருமகளின் கலைக்குக் குடும்பமே துணை நின்றது என்று இம்மலரில் ஒரு வரி வேண்டுமாம். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

நான் நன்றி சொல்லவேண்டியவர் ஒருவர்தான். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் செங்கோட்டை அண்ணாச்சி. அக்கா போன பதினாறாம் நாள், அவர் படத்துக்கு முன் வில்லையும் குடத்தையும் வைத்து, எங்களைப் பாட்டுக் கேட்கிறவர்களாக எதிரே உட்காரச் சொன்னவர் அவர். ஆறு பேர் உட்கார்ந்தோம்.

இவ்வருடக் கொடையிலும் பழக்கத்தில் தட்டியை வைத்திருக்கிறார்கள். சாமி வரவில்லையாம். மாமனார் மேடையைப் பார்க்காமல் தட்டியையே பார்த்தபடி பொழுது சாயும் வரை நின்றாராம்.

நிற்கட்டும்.

– தங்கை